பழவேற்காட்டுப் புள்ளும் கணக்கும்



கவிஞரும் இலக்கியச் சுவைஞரும் கூடியுள்ள பத்தாம் ஆண்டு விழாவில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பைப் பற்றிய உரை எதற்கு என்னும் வினா சிலர் உள்ளத்தில் எழக்கூடும். பறவையைப் பாடுவது கவிஞர் தொழில், அதை எண்ணுவது வனத்துறையார் தொழில் என்று பிரித்துப் பார்க்கும் பழக்கம் அண்மைக் காலத்தது. தமிழ்மொழி அவ்வாறு பிரிக்கவில்லை. 'எண்ணுதல்' என்னும் ஒரு சொல்லே நினைத்தலையும் குறிக்கும். ஒன்று இரண்டு எனத் தொகையிடுதலையும் குறிக்கும். சங்கப் பாடல்களைத் தொகுத்தோர் தம் நூல்களுக்கு இட்ட பெயர்கள் பலவும் எண்ணால் ஆனவையே. ஐங்குறுநூறு, பதிற்றுப்பத்து, அகநானூறு, புறநானூறு என நூலின் முகப்பிலேயே தொகை நிற்கிறது. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கிச் செல்லும் மலர்கள் 99 என்பர். மலையில் பூத்தவற்றை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி நிறுத்திய அப்பகுதியின் பயனை இன்றைய தாவரவியலாரும் துய்க்கின்றனர். ஆகவே எண்ணுவது கவிதைக்குப் புறம்பானது என்னும் கருத்தை இவ்வவையில் நெடிது மறுக்க வேண்டியதில்லை.

ஆராய வேண்டியது வேறொன்று. தமிழ்க் கவிதையில் நாரையும் குருகும் வந்த இடங்களில் அவை பெரும்பாலும் மனிதர் பொருட்டே வந்துள்ளன. குறுந்தொகையின் 25ஆம் பாடலில் தலைவன் தன்னை மணந்த பொழுது அங்கே வேறு எவரும் இலர், ஒரு குருகு மட்டுமே இருந்தது என்று தலைவி சொல்கிறாள். அக்குருகின் கண் ஓடும் நீரில் வரும் ஆரல் மீன்மேல் இருந்தது. இருந்த ஒரே சான்றும் வாய்திறந்து உரைக்க இயலாத சான்று. அதுவும் அவர்களை நோக்காத சான்று. கபிலரின் இப்பாடலை உரையாசிரியர் பலரும் தலைவியின் ஆற்றாமை நோக்கியே விளக்கியுள்ளனர். குருகின் பக்கம் நின்று பார்த்தால் இன்னொன்று விளங்கும். புலவர் அப்பறவையைக் கூர்ந்து கண்டிருக்கிறார். அதன் கால் எதனைப் போன்றது, அது எவ்வகை நீரில் நிற்கும், எம்மீனுக்காகக் காத்திருக்கும் என்பன அனைத்தும் அச்சிறு பாடலுள் உள்ளன. பறவை நோக்குவார் ஒருவர் தம் குறிப்பேட்டில் எழுதத்தக்க செய்திகள் இவை. ஒன்று மட்டும் அங்கே தேவைப்படவில்லை: அவ்வாற்றங்கரையில் அன்று எத்தனை குருகுகள் இருந்தன என்பது. அவை எப்போதும் இருக்கும் என்னும் நம்பிக்கை பாடியவர்க்கும் கேட்டவர்க்கும் பொதுவாக இருந்தது.

அந்நம்பிக்கை இன்று இல்லை. மனிதர்க்குச் சான்றாகக் குருகு நின்ற காலம் போய், குருகுக்குச் சான்றாக மனிதர் நிற்க வேண்டிய காலம் வந்துள்ளது. நீதிமன்றத்திலும், பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டத்திலும், அரசின் வல்லுநர் குழுவிலும் 'இங்கே பறவைகள் ஏராளமாக வரும்' என்னும் கூற்று ஏற்கப்படுவதில்லை. எந்தப் பறவை, எத்தனை, எந்த ஆண்டில், எவர் கண்டது என்றே அங்கே கேட்பர். அவ்வினாக்களுக்கு விடை தருவதே கணக்கெடுப்பு. அதனைச் சென்னைக்கு வடக்கே உள்ள பழவேற்காட்டுக் காயலை முன்வைத்து ஆராய்வதே இவ்வுரையின் நோக்கம்.

பழவேற்காடு ஏரி எனப் பேச்சு வழக்கில் கூறப்பெறும் இந்நீர்நிலை இலக்கணப்படி ஏரி அன்று. கடலோடு வாய்வழித் தொடர்புடைய உவர்நீர்க் காயல். இந்தியாவின் உவர்நீர்க் காயல்களுள் ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்துப் பெரியது இதுவே. பெரும்பகுதி ஆந்திர மாநிலத்தில் அமைய, தென்பகுதி தமிழ்நாட்டின் திருவள்ளூர் மாவட்டத்தைச் சார்ந்தது. கிழக்கே ஸ்ரீஹரிக்கோட்டைத் தீவு வங்கக் கடலுக்கும் காயலுக்கும் இடையே நீண்ட மணற்சுவர்போல் கிடக்கிறது. தெற்கே ஆரணியாறும் வடமேற்கே காளங்கியாறும் நன்னீர் கொணர்கின்றன. ஆந்திரப் பகுதி 1976இலும் தமிழ்நாட்டுப் பகுதி 1980இலும் பறவைச் சரணாலயமாக அறிவிக்கப்பெற்றன. 17ஆம் நூற்றாண்டில் இங்கே கோட்டை கட்டிச் சோழமண்டலக் கரை வாணிகத்தை நடத்திய டச்சுக்காரர் துணிப்பொதிகளுக்கு நுணுக்கமாகக் கணக்கு எழுதினர். அவர்தம் கல்லறைகளின்மேல் செதுக்கிய எழுத்துகளும் ஆண்டுகளும் இன்றும் படிக்கக் கிடைக்கின்றன. அவர்கள் கப்பல் நின்ற நீரில் எத்தனை பூநாரைகள் நின்றன என்று எழுதிவைக்க அவர்களுக்குக் காரணம் ஏதும் இருந்திருக்காது.

இக்காயலின் சிறப்பு அதன் ஆழமின்மையில் இருக்கிறது. சராசரி ஆழம் ஏறத்தாழ ஒரு மீட்டர் அளவே. பறவைகளுக்கு இவ்வாழமின்மையே வாழ்வு. கரையோர ஈரச் சேற்றில் உப்புக்கொத்திகள் சில அடி ஓடி நின்று, மீண்டும் ஓடி இரை கொத்தும். சேறும் நீரும் கலக்கும் விளிம்பில் கொசு உள்ளான் முதலிய சிற்றுள்ளான்கள் கூட்டமாக மேயும். கணுக்கால் அளவு நீரில் பச்சைக்காலியும் பவளக்காலியும் நடக்கும். அதனினும் ஆழத்தில் நீண்ட நேரான அலகுடைய கருவால் மூக்கன் தலையைச் சேற்றில் புதைத்து இரை தேடும். அதற்கும் அப்பால் பூநாரைகள் அணிவகுத்து, தலையைக் கவிழ்த்து, வளைந்த அலகால் நீரை அரித்து நுண்ணுயிர்களை உண்ணும். நீந்தும் அளவு நீர் உள்ள இடத்தில் ஊசிவால் வாத்தும் கூழைக்கடாவும் மிதக்கும். ஒவ்வொரு பறவையின் கால் நீளமும் அலகு நீளமும் அதற்குரிய ஆழத்தை வகுத்துக் கொடுத்துள்ளன. நீர்மட்டம் ஒரு சாண் உயர்ந்தால் இவற்றுள் பாதிப் பறவைகளுக்கு மேய்ச்சல் நிலம் இல்லாமற் போகும். ஒரு சாண் குறைந்தால் வேறு பாதிக்கு அதே நிலை. தொல்காப்பியர் நிலத்தை முதற்பொருளாகவும் புள்ளைக் கருப்பொருளாகவும் வைத்த முறையின் பொருத்தத்தை இச்சேற்று விளிம்பில் நின்று பார்ப்பவர் எளிதில் உணர்வர்.

கணக்கெடுப்பு எவ்வாறு நடைபெறுகிறது என்பதைச் சற்று விரிவாகக் கூறுவது பயனுடையது; அதனைப் பற்றிய தவறான எண்ணங்கள் பல உலவுகின்றன. ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு என்னும் முயற்சி 1987ஆம் ஆண்டு இந்தியத் துணைக்கண்டத்தில் தொடங்கியது. அதற்கு இருபது ஆண்டுகள் முன்னரே, 1967இல், உலக அளவிலான நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு தொடங்கிவிட்டது. ஒவ்வோர் ஆண்டும் ஜனவரியில் நாடெங்கும் உள்ள நீர்நிலைகளுக்குத் தன்னார்வலர் சென்று எண்ணுகின்றனர். தமிழ்நாட்டில் வனத்துறையும் தன் பங்கிற்குப் பல மாவட்டங்களில் ஒரே நாளில் ஒருங்கிணைந்த கணக்கெடுப்பு நடத்தி வந்துள்ளது. ஜனவரியைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. வடக்கேயிருந்து வலசை வந்த பறவைகள் அத்திங்களில் பெரும்பாலும் ஓரிடத்தில் தங்கி மேயும். அங்குமிங்கும் பறந்து எண்ணுவாரைக் குழப்புவது குறைவு.

பத்தாயிரம் பறவைகளை ஒருவர் எப்படி எண்ணுவார் என்பது பொதுமக்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்வி. கூட்டத்தின் ஓர் ஓரத்தில் முதலில் பத்துப் பறவைகளைத் தனித்தனியே எண்ணி, அப்பத்து கண்ணில் எவ்வளவு இடம் கொள்கிறது என மனத்தில் பதித்துக்கொள்வர். பின்னர் அதே அளவைக் கொண்டு நூறு. அந்நூறு ஒரு படியாகும். படியைக் கொண்டு நெல்லை அளப்பதுபோல் அந்நூற்றைக் கொண்டு கூட்டம் முழுவதையும் ஓரத்திலிருந்து ஓரம் வரை அளந்து செல்வர். ஞாயிறு முதுகுப்புறம் இருக்குமாறு நிற்க வேண்டும். எதிரொளியில் பச்சைக்காலியும் பவளக்காலியும் ஒன்றாகவே தோன்றும். கூட்டத்தில் பறவைகள் நெருங்கி நிற்கும் பகுதியும் கலைந்து நிற்கும் பகுதியும் இருப்பதால் அளவு ஒரே சீராக இராது. பெருங்கூட்டங்களை மதிப்பிடும்போது மனிதக் கண் மிகைபடக் கூறுவதைக் காட்டிலும் குறைபடக் கூறுவதே மிகுதி என்பது பறவையியலார் கண்ட உண்மை. கவிஞர் மிகைபடக் கூறுவர் என்னும் பழிச்சொல்லை இங்கே நினைத்துக்கொண்டால் சிறு நகைப்பு உண்டாகும்.

பிழை இருக்கும் என்பதை அறிந்தே எண்ணுகின்றனர். ஆண்டுதோறும் அதே இடத்தில், அதே பருவத்தில், அதே முறையில் எண்ணும்போது பிழையும் ஏறத்தாழ ஒரே தன்மையதாக அமைகிறது. ஆகவே ஓர் ஆண்டின் தொகைக்கு உள்ள மதிப்புச் சிறிது. இருபது ஆண்டுத் தொகைகளை வரிசையாக வைத்தால் வரும் ஏற்ற இறக்கத்திற்கு உள்ள மதிப்புப் பெரிது. காணாத பறவைக்கு நேராகச் சுழியம் இடுவதும் இம்முறையின் ஒரு பகுதி. கட்டத்தை வெறுமையாக விட்டால் பறவை வரவில்லையா, எண்ணுவார் செல்லவில்லையா என்பது பின்வருவார்க்கு விளங்காது.

இடையீடின்றி எழுதப்பெற்ற இத்தகைய வரிசை இல்லாத இடத்தில் முதியோர் நினைவே அளவுகோலாகிறது. அதில் ஓர் இடர் உண்டு. ஒவ்வொரு தலைமுறையும் தன் இளமையில் கண்டதையே நிறைவு எனக் கொள்கிறது. பாட்டனார் கண்ட பெருங்கூட்டம் பேரனுக்குக் கதை. பேரன் கண்ட சிறு கூட்டம் அவன் பிள்ளைக்குப் பெருங்கூட்டம். இவ்வாறு ஒவ்வொரு படியாகக் குறைந்து வருவதை எவரும் குறையாக உணர்வதில்லை. இலக்கிய நினைவும் இவ்விடர்க்கு விலக்கன்று. நெய்தல் பாடலில் புள்ளினம் ஆரவாரிக்கும் துறையைப் படித்துப் பழகியவர் இன்றைய துறையிலும் அவ்வாரவாரமே உள்ளதாகக் கற்பனை செய்துகொள்வர்.

இனி, தொகை குறைந்தால் பறவை அழிகிறது என்று உடனே முடிவு கட்டுவதும் தவறு. வடகிழக்குப் பருவமழை மிகுதியாகப் பெய்த ஆண்டில் உள்நாட்டு ஏரிகளும் கண்மாய்களும் நிறைந்திருக்கும். வாத்துகளும் கூழைக்கடாக்களும் அங்கே சிதறிச் செல்லும். காயலில் எண்ணிக்கை வீழும். மழை பொய்த்த ஆண்டில் வேறு போக்கிடமின்றிப் பறவைகள் காயலில் குவியலாம். அப்போது தொகை உயர்வது வளத்தின் அடையாளம் ஆகாது. பழவேற்காட்டுக்கு மற்றுமொரு சிக்கல் உண்டு. காயல் இரு மாநிலங்களுக்கு உரியது. காலையில் ஆந்திர எல்லையில் எண்ணப்பெற்ற பூநாரைக் கூட்டம் நண்பகலில் தமிழ்நாட்டு எல்லையில் மீண்டும் எண்ணப்படலாம். இரு பக்கமும் வேறு வேறு நாளில் எண்ணினால் இரு கணக்கிலும் விடுபடவும் கூடும். இரு மாநிலத்தாரும் ஒரே நாளில் ஒரே வேளையில் எண்ணினாலன்றி இக்காயலின் முழுத்தொகை கிட்டாது.

தொகைக்கு உலக அளவில் ஒரு சட்டப் பயனும் உண்டு. 1971ஆம் ஆண்டு ஈரான் நாட்டின் ராம்சார் நகரில் கையெழுத்தான ஈரநில உடன்படிக்கை, ஓர் ஈரநிலம் உலகச் சிறப்புடையது எனக் கொள்ளப் பல அளவைகளை வகுத்தது. அவற்றுள் இரண்டு முழுவதும் எண்ணிக்கையைச் சார்ந்தவை. அந்நீர்நிலை 20,000 நீர்ப்பறவைகளை வழக்கமாகத் தாங்குவதாக இருத்தல் ஒன்று. ஏதேனும் ஓர் இனத்தின் அல்லது அதன் ஒரு பெருங்கிளையின் மொத்தத் தொகையில் 1 விழுக்காட்டை வழக்கமாகத் தாங்குவதாக இருத்தல் மற்றொன்று. 'வழக்கமாக' என்னும் சொல் இங்கே கருதத்தக்கது. ஒரு முறை கண்ட பெருந்திரளைக் காட்டும் வண்ணப்படம் இதற்குப் பயன்படாது. பல ஆண்டுக் கணக்கேடு வேண்டும்.

காயலின் உயிர்நிலை அதன் முகத்துவாரம். பழவேற்காட்டில் கடலும் காயலும் சந்திக்கும் வாயை மணல் மூடுவதும், பெருவெள்ளமோ புயலோ வந்து திறப்பதும், மீண்டும் மூடுவதும் தொடர்ந்து நிகழ்பவை. வாய் திறந்திருந்தால் ஏற்றத்தில் கடல்நீரும் இறால் குஞ்சும் மீன் குஞ்சும் உள்ளே வரும், வற்றத்தில் சேற்றுப்பரப்பு வெளிப்படும், உள்ளான்கள் மேயும். வாய் தூர்ந்தால் மழைக்காலத்தில் நன்னீர் தேங்கிச் சேறு மூழ்கும். கோடையில் நீர் வற்றி உப்பு மிகும். மீனவர்க்கு வலையில் ஒன்றும் விழாது. பறவைக்குச் சேற்றில் ஒன்றும் இராது. வங்கக் கரையோரம் மணல் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. அந்நகர்வைத் தடுக்கும் கட்டுமானங்கள் எழுந்தால் ஒருபுறம் மணல் சேரும், வடபுறம் கரை அரிக்கும். பழவேற்காட்டுக்குத் தெற்கே எண்ணூர்த் துறைமுகம் 2001இலும் காட்டுப்பள்ளித் துறைமுகம் 2010களின் தொடக்கத்திலும் இயங்கத் தொடங்கின. பின்னர்க் காட்டுப்பள்ளித் துறைமுகத்தைப் பன்மடங்கு விரிவாக்கும் திட்டம் முன்வைக்கப்பட்டபோது பழவேற்காட்டு மீனவர் கடுமையாக எதிர்த்தனர். அவர்கள் அஞ்சியது கரையையும் காயலின் வாயையும் குறித்தே.

முகத்துவாரத்திற்கும் பறவைத் தொகைக்கும் உள்ள தொடர்பைக் கணக்கால் காட்ட முடியுமா என்பதற்குச் சிலிகாக் காயல் நல்ல சான்று. வண்டல் படிந்து கடல்வாய் அடைபட்டு உவர்ப்புக் குன்றி, களைச்செடிகள் பரவி, மீன்வளம் வீழ்ந்தது. சீர்கெட்டுவரும் உலகச் சிறப்புடைய ஈரநிலங்களின் பட்டியலில் 1993இல் அது சேர்க்கப்பெற்றது. 2000ஆம் ஆண்டு செப்டம்பரில் கடலுக்குப் புதிய வாய் ஒன்று வெட்டப்பட்டது. உவர்ப்பு மீண்டது, மீன் பிடிப்பும் உயர்ந்தது, 2002இல் அப்பட்டியலிலிருந்து சிலிகா நீக்கப்பெற்றது. இந்நிலைமாற்றத்தைச் சொல்வன அங்கே முறையாக எழுதிவைத்த மீன் கணக்கும் நீர்க் கணக்கும் பறவைக் கணக்கும்தாம். 2024 ஜனவரிக் கணக்கெடுப்பில் சிலிகாவில் எண்ணப்பெற்ற நீர்ப்பறவைகள் 11 இலட்சத்துக்கும் மேல். பழவேற்காட்டு முகத்துவாரத்தில் எப்பணி நடந்தாலும், அதற்கு முன்னும் பின்னும் உள்ள ஆண்டுகளின் கணக்கு ஏட்டில் இல்லையெனில் அப்பணி பறவைக்கு நன்மை செய்ததா தீமை செய்ததா என எவராலும் கூற இயலாது.

பழவேற்காட்டில் கணக்கு என்னும் சொல்லை ஐயத்தோடு கேட்பாரும் உண்டு. சரணாலய எல்லைக்குள்ளேயே ஊர்களும் மீன்பிடி நீர்ப்பரப்புகளும் அடங்கியுள்ளன. 'பறவைகள் இத்தனை உள்ளன' என்று ஒரு தாளில் எழுதப்பெற்றால் அதன் அடுத்த வரி 'ஆகவே வலை வீசக் கூடாது' என்பதாக இருக்குமோ என்று மீனவர் அஞ்சுவதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆயினும் அவர்களே நெடுங்காலமாகக் கணக்கறிந்து வாழ்ந்தவர்கள். பழவேற்காட்டின் 'பாடு' முறையை எண்ணிப் பார்க்கலாம். இன்ன துறையில் இன்ன நாளில் இன்னார் வலையிட வேண்டும் என்று முறைவைத்து, நல்ல துறையும் மெலிந்த துறையும் எல்லாக் குடும்பத்தார்க்கும் சுழன்று வருமாறு பங்கிட்ட ஏற்பாடு அது. நீரைப் பங்கிடத் தெரிந்தவர்களை விலக்கிவிட்டு அந்நீரின் பறவைகளை எண்ணச் செல்வது அறிவுடைமை ஆகாது. படகைச் செலுத்துபவர் எத்திட்டில் எப்பறவை அடையும், எந்த வற்றத்தில் எச்சேறு வெளிப்படும் என்று அறிந்தவர். தொலைநோக்கியோடு நகரத்திலிருந்து வருபவர் ஆண்டிற்கு ஒருமுறை வருபவர். கணக்கேட்டின் முதற்பக்கத்தில் எண்ணியவர் பெயரோடு படகோட்டியவர் பெயரும் இடம்பெறுவது முறை.

வலசைப் பறவைகளைப் பற்றி நாளிதழ்களில் வரும் செய்திகளையும் இங்கே குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை. 'வெளிநாட்டுப் பறவைகள் இனப்பெருக்கத்திற்காக வந்து குவிந்தன' என்னும் தொடர் ஒவ்வொரு மார்கழியிலும் அச்சேறுகிறது. சைபீரியத் தூந்திரத்தில் முட்டையிடும் வளைமூக்கு உள்ளான் பழவேற்காட்டில் முட்டையிடுவதில்லை. குளிருக்குத் தப்பி இரை தேடி வருகிறது. இங்கே கூடு கட்டுபவை கூழைக்கடா, சங்குவளை நாரை முதலிய இந்நாட்டுப் பறவைகள். பழவேற்காட்டுப் பூநாரையோ கட்சின் ரண் உவர்வெளியில் இனம் பெருக்கும் பறவை. சத்திமுற்றப் புலவர் செங்கால் நாரையை விளித்துப் பாடியபோது இவ்வகைப் பிழை செய்யவில்லை. தெற்கே வந்து நீராடி மீண்டும் வடக்கே செல்லும் பறவையாகவே அதனைக் கொண்டு, தன் மனைவிக்குத் தூது சொல்லச் செய்தார்.

வளைமூக்கு உள்ளானைப் பற்றி இன்னும் ஒரு செய்தி. உலகப் பாதுகாப்பு ஒன்றியத்தின் செம்பட்டியலில் 2024 அக்டோபரில் 16 வகைக் கரைப்பறவைகள் முன்னிலும் மிக்க இடருக்கு உள்ளானவையாக மாற்றி எழுதப்பெற்றன. வளைமூக்கு உள்ளானும் சாம்பல்நிற உப்புக்கொத்தியும் அவற்றுள் அடங்கும். இரண்டும் தமிழ்க் கரைக்கு வருபவை. அவை ஆயிரக்கணக்கில் இன்னும் உள்ளன. ஆயினும் ஆண்டுதோறும் எண்ணியவர்களின் ஏடுகள் பல நாடுகளிலும் ஒரே திசையில் சரிவைக் காட்டின. ஆயிரம் உள்ளபோதே எச்சரிக்கை கிடைத்தது கணக்கின் பயன்.

அவ்வாறு கிடைக்காத பறவை ஒன்றும் உண்டு. மெல்லிய அலகுடைய கோட்டான் ஒன்று, சைபீரியப் பகுதியில் பிறந்து மத்திய தரைக்கடல் நாடுகளில் குளிர்காலம் கழித்து வந்தது. ஒரு காலத்தில் அதனைப் பொதுவான பறவையென்றே எழுதினர். அதனை ஒத்த பிற கோட்டான்களிலிருந்து பிரித்து எண்ணுவது கடினமாதலால் அதன் குறைவு நெடுங்காலம் கவனத்திற்கு வரவில்லை. கவனித்தபோது எண்ணுவதற்குக் கைவிரல்களே போதுமாக இருந்தன. மொராக்கோ நாட்டின் மெர்ஜா ஸெர்கா என்னும் காயலில் 1995ஆம் ஆண்டு கண்டதே ஐயத்திற்கு இடமில்லாத இறுதிப் பதிவு. முப்பது ஆண்டுகள் தேடிய பின்னர், 2025இல் அது அற்றுப்போனதாக அறிவிக்கப்பெற்றது. அதுவும் ஒரு காயற்கரைப் பறவை. அதே சேறு, அதே ஏற்றவற்றம், அதே ஜனவரிக் குளிர்.

ஒன்றை ஒத்த மற்றொன்றைப் பிரித்தறிவதற்குப் பெயர் வேண்டும். இலக்கிய வட்டத்தார் செய்யத்தக்க பணி இங்கேதான் உள்ளது. பி.எல்.சாமி 'சங்க இலக்கியத்தில் புள்ளின விளக்கம்' என்னும் நூலில் பழம்பெயர்களை உயிர்நூல் அறிவோடு பொருத்திக் காட்டினார். முனைவர் க.ரத்னம் ஊர்தோறும் வழங்கும் பறவைப் பெயர்களைத் திரட்டித் 'தமிழ்நாட்டுப் பறவைகள்' நூலில் தந்தார். மா.கிருஷ்ணன் வேடந்தாங்கலைப் பற்றியும் பிற பறவைகளைப் பற்றியும் இனிய தமிழில் எழுதினார். இவர்கள் வழியில் தொடர்ந்து செய்யப்பெற்ற பணி போதிய அளவினதன்று. ஐங்குறுநூற்று நெய்தற் பகுதியில் அம்மூவனார் பாடிய சிறுவெண்காக்கைப் பத்தும் வெள்ளாங்குருகுப் பத்தும் உள்ளன. பத்துப் பாட்டில் பத்துமுறை பெயர் சொல்லப்பெற்ற பறவை எது என்பதிலேயே கருத்து வேறுபாடு நிலவுகிறது. கடற்கரையில் நின்று பறவையைப் பார்த்துப் பாடத்தோடு ஒப்பிட்ட ஆசிரியர் எத்தனை பேர் என்பதும் ஆராயத்தக்கதே.

இக்காலத் தமிழ்க் கவிதையிலோ பறவைகளுக்குப் பெயர் அருகிவிட்டது. 'ஒரு பறவை', 'பெயர் தெரியாத பறவை', 'ஏதோ ஒரு சிறகு' என்றே வரிகள் செல்கின்றன. பெயரின்மையே கவிதைக்கு அழகு என்று வாதிடுவாரும் உளர். அவ்வழகைக் கபிலர் அறிந்திருக்கவில்லை போலும்.

கணக்கெடுப்புப் படிவங்கள் நெடுங்காலம் ஆங்கிலப் பெயர்களோடும் இலத்தீன் பெயர்களோடும் மட்டுமே வந்தன. படகோட்டியோ, ஊர்ப் பள்ளி மாணவரோ அப்படிவத்தில் தாம் கண்ட பறவையைக் கண்டுபிடிக்க இயலாது. 2015 முதல் தமிழ்நாட்டில் ஆசிரியர்களும் ஆர்வலர்களும் பொங்கல் விடுமுறையில் நடத்தி வரும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு இக்குறையை ஓரளவு நீக்கிற்று. தமிழ்ப் பெயரில் பறவையைச் சொல்லி எண்ணும் மாணவர் இன்று பல ஊர்களில் உள்ளனர். இந்தியப் பறவைகளின் நிலை குறித்து 2023இல் வந்த அறிக்கை 942 வகைப் பறவைகளை ஆராய்ந்தது. அதற்கு அடிப்படை 30,000க்கும் மேற்பட்ட பறவை நோக்குவார் எழுதிய மூன்று கோடிப் பதிவுகள். அவர்களுள் மிகப் பலர் பறவையியல் பட்டம் பெற்றவர் அல்லர்.

பழவேற்காட்டிலும் அண்ணாமலைச்சேரியிலும் அவற்றைச் சூழ்ந்த குப்பங்களிலும் நீர்ப்பறவைகளுக்கு வழங்கும் பெயர்கள் இன்னும் முழுமையாகத் திரட்டப்பெறவில்லை. ஏட்டில் 'உள்ளான்' என ஒரு சொல்லுள் அடங்கும் பறவைகளை வலைஞர் மேயும் இடத்தாலும் எழுப்பும் குரலாலும் வரும் திங்களாலும் வேறுபடுத்திப் பேசுவர். ஒவ்வொரு பெயரையும் அதைச் சொன்ன ஊர், பறவை நின்ற நீரின் ஆழம், கண்ட நாள் ஆகியவற்றோடு எழுதிக்கொள்ள வேண்டும். தெலுங்கு வழக்கும் கலந்த பகுதியாதலால் இரு மொழிப் பெயர்களையும் அருகருகே எழுத வேண்டும். ஜனவரிக் கணக்கெடுப்பு நாளே இப்பணிக்கு உகந்தது. பறவையை இலத்தீன் பெயரால் அறிந்தவரும் ஊர்ப்பெயரால் அறிந்தவரும் அன்று விடியற்காலையில் ஒரே படகில் இருப்பர். வட்டத்தின் உறுப்பினர் இருவருக்கு அப்படகில் இடம் கேட்டால் மறுக்கமாட்டார்கள்.